பொய்க்கும் உண்மைக்கும் ஆங்கிலம்: தோட்டப்புறத்தில் மாலை வகுப்பெடுக்க வருபவர்களுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு கட்டு நகல் தாளோடு வருகிறார்கள். ‘பொய், நேர்மை தொடர்பான முப்பது மரபுத்தொடர்கள்’ என்று தலைப்பு இருக்கும். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் பொருள். பிள்ளைகள் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொள்வார்கள். அடுத்த வாரம் கேட்டால் மூன்று தேறினால் அதிசயம்.

அந்தத் தாள் பைக்குள்ளேயே இருக்கட்டும். இந்தப் பாடத்தில் பிள்ளைகள் தடுமாறுவது பொருள் தெரியாமல் அல்ல; எந்தச் சொல்லை யாரிடம் சொல்லலாம், அதன் கனம் எவ்வளவு என்பது தெரியாமல்தான். ‘சும்மா பொய் சொல்லாதே’ என்று நாம் நண்பனிடம் சொல்கிறோம், பாட்டியிடமும் சிரித்துக்கொண்டே சொல்கிறோம். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அதே பிள்ளை நாளை ஈப்போவில் வேலைக்குப் போய் மேலாளரிடம் ‘யூ ஆர் லையிங்’ என்றால் அது நேரடிக் குற்றச்சாட்டு. பாடத்தை இந்தக் கனத்தை வைத்தே கட்டுங்கள்.

முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் யார்

கோயில் மண்டபத்திலோ பாலாய் ராயா என்ற ஊர்ப் பொதுமண்டபத்திலோ நடக்கும் வகுப்பில் ஆறாம் ஆண்டுப் பிள்ளையும் ஐந்தாம் படிவத்துப் பையனும் ஒரே பாயில் உட்கார்ந்திருப்பார்கள். ஃபேக்டரி வேலை முடிந்து வரும் அக்காக்கள் இரண்டு மூன்று பேரும் இருப்பார்கள். வீட்டில் தமிழ், இடைநிலைப்பள்ளியில் மலாய். தமிழ்ப்பள்ளியிலிருந்து போனவர்களில் சிலர் இடைநிலைப்பள்ளி முதல் படிவத்துக்கு முன்னாலான புகுமுக வகுப்பில் ஓராண்டு மலாயோடு மல்லுக்கட்டியவர்கள். ஆகவே ஆங்கிலச் சொல் வாயில் வராதபோது அவர்கள் கை நீட்டுவது தமிழை நோக்கி அல்ல, மலாயை நோக்கி.

இது தெரிந்தால் பாதிப் பிழைகளுக்குக் காரணம் தெரிந்துவிடும். மலாயில் பேச்சுவழக்கில் ‘தீப்பு’ என்ற ஒரே சொல் பொய் சொல்வதற்கும் ஏமாற்றுவதற்கும் ஓடுகிறது. அதனால்தான் நண்பன் விளையாட்டாக ஒன்றைச் சொல்லிவிட்டால்கூட ‘டீச்சர், ஹி சீட் மீ!’ என்ற கூச்சல் எழும். ‘பிளஃப்’ இன்னொன்று. இங்கே ‘டோன்ட் பிளஃப் லா’ என்றால் பொய் விடாதே என்று பொருள். வெளியூர் ஆங்கிலத்தில் ‘பிளஃப்’ என்பது கையில் ஒன்றும் இல்லாதவன் இருப்பதுபோல் காட்டி மிரட்டுவது, சீட்டாட்டத்தில் செய்வதுபோல். இந்த ஊர்ப் பழக்கத்தைத் தடைசெய்ய வேண்டாம். கடையில் பேசும்போது இது சரி, தேர்வுத்தாளிலும் நேர்காணலிலும் ‘லை’ என்று சொல் என்றால் போதும்.

முதலில் வினைச்சொல்

தமிழில் பொய்யைச் சொல்கிறோம் என்பதால் பிள்ளைகள் ‘ஹி செட் எ லை’ என்று எழுதுவார்கள். ஆங்கிலத்தில் பொய்யோ உண்மையோ, இரண்டுக்கும் ‘டெல்’தான்: ‘டெல் எ லை’, ‘டெல் த ட்ரூத்’. ஒன்றுக்கு ‘எ’, மற்றதற்கு ‘த’ ஏன் என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். பொய் ஆயிரம் இருக்கலாம், அதில் இது ஒன்று. நடந்தது ஒன்றுதான். ‘ஹி டெல் ட்ரூ’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. ‘ட்ரூ’ கதைக்கு, பேச்சுக்கு, செய்திக்கு ஒட்டும் அடைமொழி, சொல்லப்படுவது ‘ட்ரூத்’.

அடுத்தது ‘ஹி லைடு மீ’. இதைத் திருத்தத் தமிழ் வேற்றுமையே உங்கள் கையில் இருக்கிறது. ‘என்னிடம் பொய் சொன்னான்’ என்பதில் ‘இடம்’ வருகிறது, அதனால் ‘டு’ வரும்: ‘ஹி லைடு டு மீ’. ‘என்னை ஏமாற்றினான்’ என்பதில் ‘ஐ’தான் வருகிறது, அதனால் ஒன்றும் வேண்டாம்: ‘ஹி சீட்டட் மீ’, ‘ஹி டிசீவ்டு மீ’. இந்த விதி எல்லா ஆங்கில வினைக்கும் பொருந்தாது. இந்த மூன்றுக்கும் அச்சாகப் பொருந்தும்.

படுப்பதற்கும் ‘லை’ என்பதால் வரும் குழப்பத்தை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடலாம். பொய்க்கு ‘லை, லைடு, லைடு’. படுக்க ‘லை, லே, லெய்ன்’. ‘ஐ லைடு ஆன் த பெட்’ என்று பலகையில் எழுதி, ‘கட்டிலில் உட்கார்ந்துகொண்டு பொய் சொன்னேன்’ என்று வாசித்துக் காட்டுங்கள். சிரித்தால் மறக்கமாட்டார்கள். உச்சரிப்பில் ஒன்றே ஒன்று: நேர்மையானவன் ‘ஹானஸ்ட்’ அல்ல, ‘ஒனஸ்ட்’. முதல் எழுத்துக்கு ஓசையில்லை. அதனால்தான் ‘அன் ஒனஸ்ட் மேன்’.

பால் ஸ்டோர் நாடகம்

பாடத்தின் முக்கால் பங்கு நேரத்தை இங்கே செலவழியுங்கள். சுற்றுவட்டாரம் இப்போது பெரும்பாலும் செம்பனை. பாலுக்காக ரப்பர் மரம் சீவுவதைப் பார்க்காத பிள்ளைகள் நிறைய. ஆனால் தாத்தாவோ பாட்டியோ சீவியவர்கள்தான். முதல் வாரமே வீட்டுப்பாடம் கொடுத்துவிடுங்கள்: ‘பாலில் தண்ணீர் கலந்து பிடிபட்டவங்க கதை தெரியுமா?’ என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். வெறுங்கையோடு வருகிற பிள்ளை குறைவாகவே இருக்கும்.

பின்னணியை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். மரத்திலிருந்து இறங்கும் பாலில் ஏறக்குறைய 30 முதல் 40 விழுக்காடுதான் காய்ந்த ரப்பர், மீதியில் பெரும்பகுதி தண்ணீர். பாலை நிறுத்து வாங்கும் பால் ஸ்டோரில் நிறுவைக்குக் கூலி என்றால் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் வாளி கனக்கும். அதைக் கண்டுபிடிக்கத்தான் பாலில் மிதக்கவிடும் மெட்ரோலாக் என்ற அளவுகருவி. கொஞ்சம் பாலைக் காயவைத்து நிறுத்துப் பார்ப்பதும் உண்டு.

மூன்று பேரை எழுப்புங்கள். ஒருவர் தொழிலாளி, ஒருவர் பாலை நிறுத்துக் கணக்கெழுதும் கிராணி, ஒருவர் தொழிலாளியின் கூட்டாளி. ஒரு வாளி, ஒரு போத்தல் தண்ணீர் போதும்.

தொழிலாளி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு வாளியில் தண்ணீரை ஊற்றுகிறார். பேச்சில்லை. இங்கே நிறுத்தி வகுப்பைக் கேளுங்கள்: ‘இஸ் ஹி லையிங்?’ பாதிப் பேர் ‘யெஸ்’ என்பார்கள். வாயே திறக்கவில்லையே! ‘ஹி இஸ் சீட்டிங்’. தீப்பு என்ற ஒரு சொல்லுக்குள் இருந்த இரண்டும் இந்த இடத்தில்தான் பிரிகின்றன.

கிராணி கேட்கிறார்: ‘டிட் யூ ஆட் வாட்டர்?’ தொழிலாளி: ‘நோ.’ இப்போதுதான் ‘ஹி இஸ் லையிங்’.

கிராணி விடவில்லை. தொழிலாளி சொல்கிறார்: ‘இட் ரெய்ன்டு திஸ் மார்னிங்.’ காலையில் மழை பெய்தது மெய்தான் என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வகுப்பு சூடாகும்.

‘பொய் இல்லையே சார், மழை பெய்ஞ்சதுதானே?’

‘அப்ப வாளியில இருக்கிறது மழைத் தண்ணியாடா?’

‘அத அவரு சொல்லவே இல்லையே!’

அவசரப்பட்டு நடுவில் புகாதீர்கள். இந்தச் சண்டை தமிழிலேயே நடக்கட்டும். ஓய்ந்ததும் ‘ஹாஃப்-ட்ரூத்’, ‘மிஸ்லீட்’ இரண்டையும் பலகையில் எழுதுங்கள். ஒவ்வொரு சொல்லும் மெய்யாக இருந்தும் கேட்பவரைத் தப்பான வழியில் அனுப்பினால் அது ‘மிஸ்லீடிங்’. தேவை வந்த பிறகு கிடைத்த சொல் என்பதால் இதற்கு மனப்பாடம் வேண்டியிருக்காது. ஐந்தாம் படிவத்துப் பிள்ளைகள் இருந்தால், ஆங்கில நீதிமன்றச் சத்தியப்பிரமாணத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம்: ‘த ட்ரூத், த ஹோல் ட்ரூத், அண்ட் நத்திங் பட் த ட்ரூத்’. இரண்டாவது, மறைக்காதே என்பதற்கு. மூன்றாவது, ஒட்டவைக்காதே என்பதற்கு. மழைக்கதை சொன்னவர் இரண்டாவதில் மாட்டிக்கொள்கிறார்.

கூட்டாளி வருகிறார்: ‘ஐ வாஸ் வித் ஹிம். ஹி டிட் நத்திங்.’ இது ‘கவரிங் ஃபார் ஹிம்’. கிராணி மெட்ரோலாக்கை இறக்குகிறார். குட்டு உடைகிறது. பிள்ளைகள் உடனே ‘காட் ரெட்-ஹேண்டட்’ என்று கத்துவார்கள், ஏனென்றால் அது எல்லாருக்கும் தெரிந்த தொடர். ஆனால் அது கையும் களவுமாகப் பிடிபட்டால் மட்டும். தண்ணீர் ஊற்றும்போதே வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வந்து கையைப் பிடித்திருந்தால் சரி. பிற்பாடு அளந்து தெரிந்தது வெறும் ‘ஃபவுண்ட் அவுட்’.

கடைசியில் ‘ஆல் ரைட், ஐ டிட் இட்’. ‘ஹி ஓன்டு அப் டு இட்’ என்றால் செய்ததை ஒப்புக்கொண்டார். ‘ஹி கேம் க்ளீன் அபவுட் இட்’ என்றால் அதுவரை மறைத்து வைத்திருந்ததை எல்லாம் கொட்டிவிட்டார்.

நாடகத்தை இத்தோடு முடித்துவிடாதீர்கள். வேடத்தை மாற்றி, கிராணியின் தராசில் கோளாறு என்று வைத்து இன்னொரு முறை நடிக்க விடுங்கள். நிறுவையில் கைவரிசை காட்டிய கதைகளும் தாத்தாமார்களிடம் தாராளமாக உண்டு. தொழிலாளி மட்டுமே திருடனாக வரும் பாடத்தைத் தோட்டத்துப் பிள்ளைகள் முன்னால் நடத்துவது எனக்கு ஒப்பவில்லை. இந்தச் சுற்றில் வேறு சொற்கள் கிடைக்கும்: தராசில் கைவைப்பது ‘டேம்பர் வித் த ஸ்கேல்’, கணக்கில் தில்லுமுல்லு செய்வது ‘குக் த புக்ஸ்’, கொடுக்க வேண்டியதைக் குறைத்துக் கொடுப்பது ‘ஷார்ட்-சேஞ்ச்’.

கொடியில் கனம்

அடுத்த வகுப்பில் மண்டபத்தின் குறுக்கே ஒரு கயிறு கட்டுங்கள். சொற்களை அட்டைகளில் எழுதி, துணிக் கிளிப் போட்டு இலேசானதிலிருந்து கனமானது வரை மாட்டச் சொல்லுங்கள். ‘ஜோக்கிங்’ ஒரு முனையில். பிறகு சின்னப் பிள்ளை மிட்டாய் தின்னவில்லை என்று சொல்லும் ‘ஃபிப்’, அப்புறம் ‘ஒயிட் லை’, கொஞ்சம் ஊதிச் சொல்லும் ‘ஸ்ட்ரெட்ச் த ட்ரூத்’, சாதாரண ‘லை’, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் ‘பேர்ஃபேஸ்டு லை’, மறுமுனையில் நீதிமன்றத்தில் சத்தியம் செய்துவிட்டுச் சொல்லும் ‘பெர்ஜுரி’. வரிசை இதே மாதிரி வர வேண்டியதில்லை. ‘ஃபிப்’ முந்தியா ‘ஒயிட் லை’ முந்தியா என்று அடித்துக்கொண்டால் நல்லது.

‘ஒயிட் லை’யில் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்து என்ற பழமொழியைப் பிள்ளைகள் எடுத்துவிடுவார்கள். மாப்பிள்ளைக்கு இருக்கிற கடனை மறைப்பது ‘ஒயிட் லை’ ஆகுமா? ஆகாது. கேட்பவர் மனம் நோகக் கூடாது என்பதற்காகச் சொல்வதுதான் ‘ஒயிட்’. சொல்பவருக்கு ஆதாயம் வந்தால் அந்த நிறம் போய்விடும். பாட்டி வைத்த சாம்பாரில் உப்பு கரித்தாலும் ‘நல்லாருக்கு பாட்டி’ என்பது அசல் ‘ஒயிட் லை’.

கயிற்றில் ‘லயர்’ என்ற அட்டையை எங்கே மாட்டுவது என்பது தனிக் கேள்வி. ‘லை’ செய்த காரியத்தைச் சொல்கிறது, ‘லயர்’ ஆளையே சொல்லிவிடுகிறது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் இன்னொருவரை அந்தச் சொல்லால் அழைக்க அனுமதி கிடையாது. 1906இல் அங்கே சர்ச்சில் பேசியபோது உதிர்த்த ‘டெர்மினாலஜிக்கல் இன்எக்ஸாக்டிடியூட்’ என்ற வாயில் நுழையாத தொடர் பிற்பாடு பொய்க்கு நாசூக்கான பெயராகவே நிலைத்துவிட்டது. அன்றைய பேச்சு தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுபோன சீன ஒப்பந்தக் கூலிகளை அடிமைகள் என்று சொல்லலாமா என்பது பற்றியது. ஒப்பந்தக் கூலிகளின் பேரப்பிள்ளைகள் காதில் இது வேறு மாதிரி விழும். விரும்பினால் அதைப் பேசலாம். 1986இல் பிரிட்டனின் உயர் அதிகாரி ராபர்ட் ஆம்ஸ்ட்ராங் ஆஸ்திரேலிய நீதிமன்றத்தில் சொல்லிப் பிரபலமான ‘எகனாமிக்கல் வித் த ட்ரூத்’தும் இந்தச் சாதிதான்: உண்மையைச் சிக்கனமாகச் செலவழிப்பது.

இதெல்லாம் பெரிய இடத்து விவகாரம். வகுப்புக்கு வேண்டியது சம்பளச் சீட்டு. ஓவர்டைம் பணம் குறைகிறது. சூப்பர்வைசர் ‘நீ அன்னிக்கு வரவே இல்லை’ என்கிறார். ‘யூ ஆர் லையிங்’ என்று சொல்லாமல் எப்படிப் பேசுவது? ‘ஐ திங்க் தேர்ஸ் பீன் எ மிஸ்டேக்.’ ‘தட்ஸ் நாட் ஹவ் ஐ ரிமெம்பர் இட்.’ ‘குட் வீ செக் த பன்ச் கார்ட்?’ இந்த மூன்றையும் இரண்டிரண்டு பேராக, பார்க்காமல் சொல்லும்வரை பழக்குங்கள். பணிந்துபோவதற்கான பாடமல்ல இது. ஆளைக் குற்றம் சொல்லாமல் கணக்கைக் கேட்பது. கணக்கு வெளியே வந்தால் பணமும் வரும். நண்பர்களுக்குள் என்றால் ‘யூ ஆர் கிடிங்!’, ‘கம் ஆன்!’ போதும்.

மரபுத்தொடர்கள், கொஞ்சமாக

மூன்று மொழிப் பிள்ளைகளுக்கு மூன்று மொழியையும் பயன்படுத்துங்கள். மலாய்ப் பாடத்தில் ‘தாலாம் துவா முக்கா’ படித்திருப்பார்கள். அதுதான் ‘டூ-ஃபேஸ்டு’, நம்முடைய இரட்டை வேடம். மலாயில் நாக்குக்கு எலும்பில்லை, தமிழில் நாக்குக்கு நரம்பில்லை. ஆங்கிலத்தில் நாக்கு இரண்டாகப் பிளந்திருக்கிறது: ‘ஃபோர்க்டு டங்’. கண்ணில் மண்ணைத் தூவுவதற்கு அங்கே கம்பளியை இழுத்துக் கண்ணை மூடுவார்கள்: ‘புல் த வூல் ஓவர் சம்ஒன்ஸ் ஐஸ்’. புலி வருது கதை அவர்களுக்கு ஓநாய்: ‘க்ரை வுல்ஃப்’. ‘காதுல பூ சுத்தாதே’ என்று சொல்லத் தோன்றினால் ‘ஐ வாஸ்ன்ட் பார்ன் யெஸ்டர்டே’. அண்டப்புளுகு ஆகாசப்புளுகு ‘டால் ஸ்டோரி’.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை. ‘ஹி இஸ் புல்லிங் மை லெக்’ என்பதைப் பார்த்ததும் எல்லாரும் காலை வாரிவிட்டான் என்றே எடுத்துக்கொள்வார்கள். தமிழில் அது துரோகம். ஆங்கிலத்தில் அது சிரிப்புக்காகச் சும்மா கதை விடுவது. ஒரு பிள்ளை இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு கட்டுரையில் நண்பனைப் பகைவனாக்கிவிடும். ‘ஸ்மெல் எ ரேட்’, ‘டேக் இட் வித் எ பிஞ்ச் ஆஃப் சால்ட்’ இரண்டும் பயனுள்ளவை. மீதியைத் தேடிப்போக வேண்டாம்.

நேர்மையின் பக்கத்தில் சொற்கள் குறைவு. ‘ஃப்ராங்க்’ ஒளிக்காமல் பேசுகிறவர், ‘சின்சியர்’ மனதில் உள்ளதைச் சொல்கிறவர், ‘டிரஸ்ட்வர்தி’ பணப்பெட்டிச் சாவியைக் கொடுக்கத் தக்கவர். ‘ஒனஸ்ட் மிஸ்டேக்’ என்பதை மறக்காமல் கொடுங்கள். ஏமாற்றும் எண்ணமில்லாமல் நடந்த தவறு அது, சம்பளச் சீட்டுப் பேச்சில் எதிராளிக்கு மரியாதையோடு பின்வாங்க வழி விடும்.

தேர்வும் விளையாட்டும்

ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் அரசுத் தேர்வான எஸ்.பி.எம்.மில் ஆங்கிலம் 2021 முதல் புதிய அமைப்பில் நடக்கிறது. எழுதும் தாளில் சின்ன மின்னஞ்சல் ஒன்று, பேச்சுத் தாளில் இன்னொரு மாணவரோடு கலந்துரையாடல். இந்தப் பாடம் இரண்டுக்கும் உதவும். கலந்துரையாடலில் எடுத்ததற்கெல்லாம் ‘டு பி ஒனஸ்ட்’ என்று தொடங்குவதைக் கொஞ்சம் கட்டுப்படுத்துங்கள். கதை எழுதினால் கடைசி வரியில் ‘ஒனஸ்டி இஸ் த பெஸ்ட் பாலிசி’ என்று முத்திரை குத்தும் பழக்கத்தை முழுதாகவே நிறுத்துங்கள்.

இரண்டு மெய், ஒரு பொய் விளையாட்டு எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஊர்ச் செய்தியை வைத்து ஆடினால் பெரியவர்களும் சேர்ந்துகொள்வார்கள். ‘ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவராக இருந்த துன் சம்பந்தன் இந்த ஊரில் பிறந்தவர். 1948 ஜூனில் இந்த வட்டாரத்தில் மூன்று தோட்டத் துரைகள் கொல்லப்பட்ட பிறகு அவசரகாலம் பிரகடனமானது. சிப்புட் என்றால் மீன்.’ மூன்றாவதுதான் பொய், சிப்புட் என்றால் நத்தை. ஆனால் பிள்ளைகளைத் தாங்கள் சொன்ன நிஜப் பொய்யைப் பற்றிப் பேசச் சொல்லாதீர்கள். சின்ன ஊர். மண்டபத்தில் சொன்னது இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அம்மா காதுக்குப் போய்விடும். அதற்கப்புறம் அந்தப் பிள்ளை வகுப்புக்கு வராது.

பெரியவர்கள் இருந்தால்

அந்த அக்காக்களுக்கு ‘ஃபோர்க்டு டங்’ எதற்கு? அவர்களுக்கு ஒரு சத்தியப் பிரகடனப் படிவத்தை நகல் எடுத்துக் கொடுங்கள். 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி சத்தியப்பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்திடுவது அது. ‘சாலம்லி அண்ட் சின்சியர்லி டிக்ளேர்’, ‘பிலீவிங் த சேம் டு பி ட்ரூ’ என்பவை அந்தப் படிவத்து வாசகங்கள். புரியாமல் கையெழுத்துப் போட்டால் பொய்ப் பிரகடனத்துக்கான பொறுப்பு போட்டவர் தலையில்தான் விழும். ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லவைத்த பிறகே பேனாவை எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று மோசடி அழைப்பு. ‘ஸ்கேம்’ என்ற சொல் எல்லாருக்கும் தெரியும். ‘ஃபேக்’, ‘இம்பர்சனேட்’, ‘ஃப்ராட்’ மூன்றும் புகார் கொடுக்கும்போது தேவைப்படும். நீங்கள் போலீஸ்காரர்போல் ஆங்கிலத்தில் மிரட்டுங்கள், அவர்கள் பதில் சொல்லட்டும்: ‘ஐ டோன்ட் பிலீவ் யூ. ஐ வில் கால் த ஸ்டேஷன் மைசெல்ஃப்.’ சொன்னதும் போனை வைத்துவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு வாக்கியமும் கற்றுத்தர வேண்டாம். பணம் போய்விட்டிருந்தால் உடனே அழைக்க வேண்டிய தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் 997. அதையும் பலகையில் எழுதி, கைப்பேசியில் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள்.